கேளுங்க, சொல்றன்: இந்த முறை முழுக்க டோட்டா

போன இதழில டோட்டா 2 கேமுட உலகப் போட்டி, 'தி இன்டர்நேஷனல்' எண்டு சொல்றது, பொடியனுகள் சுருக்கமா டி.ஐ எண்டுவாங்க, அதப்பத்தி நாலு வரிதான் எழுதினன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் பாத்தா பொத்துவில்ல இருந்து வாழைச்சேனை வரைக்கும் எல்லாருக்கும் ஏதோ ஒரு கேள்வி இருக்கு. அதால இந்த முறை வேற விசயம் ஒண்டும் எடுக்கல்ல.

கல்லடியில இருந்து ஒரு அம்மா: தம்பி, எண்ட மகன் ஏ/எல் படிக்கிறான். செப்டம்பர் மாசம் ராவு ராவா கம்ப்யூட்டருக்கு முன்னால குந்திக்கிட்டு கத்துறான். கேட்டா உலகக் கோப்பை எண்டுறான், பரிசு 40 மில்லியன் டொலர் எண்டுறான். இது சூது மாதிரி ஏதுமோ எண்டு எனக்குப் பயமா கெடக்கு. உண்மையச் சொல்லுங்க.

அக்கா, சூது இல்ல, முதல்ல அத மனசுல இருந்து எடுங்க. வால்வ் எண்ட அமெரிக்கக் கம்பனி 2011ல ஜெர்மனியில கொலோன் நகரத்தில முதல் போட்டிய வெச்சாங்க. 16 டீம், மொத்தப் பரிசு 1.6 மில்லியன் டொலர், அதுல 1 மில்லியன் முதலாவதா வந்த நேவி எண்ட உக்ரைன் டீமுக்கு. அந்த நேரம் அந்த கேமே ஊருலகத்துக்கு ஒழுங்கா வெளிய வரல்ல, ஆனா பரிசைக் கேட்டு எல்லாரும் பகிடி எண்டுதான் நினைச்சாங்க, ஏனெண்டா அதுக்கு முந்தி கேம் போட்டிக்கு இப்பிடி ஒரு காசு யாரும் குடுத்ததில்ல.

மகன் சொல்ற 40 மில்லியன் 2021 கணக்கு. அது உண்மைதான், 4 கோடி டொலருக்கு கொஞ்சம் மேல. ஆனா அது கம்பனிட பொக்கட்டில இருந்து மட்டும் வந்த காசு இல்ல. 2013ல இருந்து அவங்க ஒரு முறை கொண்டுவந்தாங்க, கேமுக்குள்ள ஒரு டிஜிட்டல் புத்தகம் மாதிரி ஒண்ட விப்பாங்க, பிறகு அதுக்கு பேட்டில் பாஸ் எண்டு பேர் வந்தது, அதுல விக்கிற ஒவ்வொரு டொலரிலயும் 25 சதம் பரிசுப் பணத்துக்குப் போகும், மிச்சம் கம்பனிக்கு. உலகம் முழுக்க இருக்கிற ரசிகன் வாங்க வாங்க பரிசு ஏறிச்சு, 2014ல 10 மில்லியன் தாண்டிச்சு, 2019ல 34 மில்லியன், 2021ல 40. அதுல முதலாவது வந்த டீம் ஸ்பிரிட்டுக்கு 18 மில்லியன் சொச்சம், அதை அஞ்சு பேரும் கோச்சும் டீம் நடத்துறவங்களும் பிரிக்கணும், வரியும் கட்டணும்.

இதுக்குப் பிறகு நடந்ததத்தான் உங்கட மகன் சொல்லியிருக்க மாட்டான். 2023ல கம்பனி அந்த பேட்டில் பாஸ் முறைய விட்டுட்டாங்க. கேம் வெளாடுற ஆக்கள்ல கனபேர் அத வாங்குறதே இல்ல, வருசம் முழுக்க செய்யிற வேலையெல்லாம் அந்த ஒரு பாஸுக்குள்ளயே போகுது, எல்லாருக்கும் பிரயோசனமான வேலைய செய்யப் போறம் எண்டு சொன்னாங்க. அந்த வருசம் பரிசு 3 மில்லியன் சொச்சத்துக்கு இறங்கிச்சு. 2024ல கோபன்ஹேகன்ல, 2025ல ஹம்பர்க்ல நடந்ததுக்கெல்லாம் 3 மில்லியனையும் தொடல்ல. காசு இவ்வளவு இறங்கியும் டீமுகள் வராம விடல்ல, அதே வெறியோடதான் வந்து வெளாடுறாங்க. கோப்பைக்கு ஏஜிஸ் எண்டு பேர், கேடயம் மாதிரி இருக்கும், அதுல வெண்டவங்கட பேர வெட்டுவாங்க. அந்தப் பேருக்காகத்தான் வாறாங்க. காசு கூடின வேற போட்டிகள் சவூதியில நடந்திருக்கு, ஆனா வெளாடுறவனக் கேட்டா அவன் டி.ஐயத்தான் சொல்லுவான்.

உங்கட பயத்துக்கு ஒரு இடம் இருக்கு அக்கா, அதையும் சொல்லணும். மேட்சில ஆரு வெல்லுவான் எண்டு காசு கட்டுற வெப்சைட்டுகள் இருக்கு, கேமுக்குள்ள கெடைக்கிற உடுப்பு ஆயுதங்கள வெச்சு சூதாடுற இடங்களும் இருக்கு. மகன்ட கார்ட்ல, ஈஸி கேஷ்ல காசு எங்க போகுது எண்டு பாருங்க, அதுல ஒண்டும் இல்லயெண்டா பயப்படாதீங்க.

பிளக்கக் கழட்டுற வேலை மட்டும் செய்யாதீங்க. ஒரு மேட்ச் 40 நிமிசம் போகும், நடுவில உங்கட மகன் காணாமப் போனா மத்த நாலு பேரும் ஒரு ஆள் குறைஞ்சு வெளாடணும், திரும்ப வராட்டி கேம் அவனுக்குத் தண்டனையும் குடுக்கும். அதால தொடங்க முந்தியே சொல்லுங்க, மகன் இதோட சரி, இது முடிஞ்சா எழும்பணும் எண்டு. ஹம்பர்க் நேரம் எங்கட நேரத்துக்கு மூண்டரை மணித்தியாலம் பிந்தி, அங்க பகல் 1 மணிக்குத் தொடங்கினா இங்க பின்னேரம் 4.30. அப்பிடியான ஒரு நாளைக்கு ஒரே ஒரு மேட்ச் அவனோட இருந்து பாருங்க, ஆரு எவன் எண்டு அவன் உங்களுக்கு சொல்லித் தரட்டும்.

கல்முனையில இருந்து ரெண்டு மச்சான்மார்: ஃபைனல் பாக்க ஆசை, ஆனா ஸ்கிரீன்ல என்ன நடக்குது எண்டே விளங்குதில்ல. எத பாக்கணும்?

கண்ணகி அம்மன் கோயில் பக்கம் கொம்பு முறி பாத்திருப்பீங்க, இல்லாட்டி உங்கட அப்பப்பா சொல்லியிருப்பார். வடசேரி ஒரு பக்கம் தென்சேரி ஒரு பக்கம், ரெண்டு கொம்ப கொளுவிட்டு இழுப்பாங்க, ஒண்டு முறியும் வரைக்கும் விட மாட்டாங்க. டோட்டாவும் இப்பிடித்தான் ரெண்டு சேரி, ரேடியன்ட் ஒண்டு, டையர் ஒண்டு. பக்கத்துக்கு அஞ்சு பேர். ரெண்டு பக்கத்துக்கும் மூலையில ஒரு பேஸ், பேஸுக்குள்ள ஏன்ஷியன்ட் எண்டு ஒரு கட்டடம், எவன்ட ஏன்ஷியன்ட் உடையுதோ அவன் தோத்தான். பொயின்ட் கணக்கு இல்ல, நேரம் முடிஞ்சு ட்ரோ ஆகிறதும் இல்ல.

பேஸுக்கும் பேஸுக்கும் இடையில மூணு பாதை, லேன் எண்டுவாங்க. பாதையில சின்னச் சின்ன பட்டாளம் தானா நடந்து வரும், அதுல கடைசி அடி ஆரு அடிக்கிறானோ அவனுக்கு கோல்ட். அந்த கோல்ட்ல ஐட்டம் வாங்கலாம், ஐட்டம் கூடக் கூட பலம் கூடும். மேல ஸ்கிரீன்ல எத்தன கொலை எண்டு பெரிசா காட்டும், புதுசா பாக்கிறவன் அதத்தான் பாப்பான், நீங்க அதப் பாக்காதீங்க. கொலையில முன்னுக்கு நிண்ட டீம் தோத்ததும் கனக்க இருக்கு. எந்தப் பக்கத்திட்ட கோல்ட் கூட, பாதையில காவலுக்கு நிக்கிற டவர் எத்தன விழுந்திச்சு, இந்த ரெண்டையும் பாருங்க.

அடுத்தது மேட்ச் தொடங்க முந்தி நடக்கிற டிராஃப்ட். ஹீரோ எண்டா வெளாடுறவன் எடுக்கிற பாத்திரம், 120க்கு மேல இருக்கு, ரெண்டு பக்கமும் மாறி மாறி சிலத தடை பண்ணி, சிலத எடுப்பாங்க. எங்கட பொடியனுகள் கனபேர் அந்த பத்து நிமிசம் டீ ஊத்தப் போறவங்க, போகாதீங்க, பாதி மேட்ச் அதுலயே முடிஞ்சுரும்.

பிறகு மேப்ல ஒரு குகைக்குள்ள ரோஷான் எண்டு ஒரு பூதம் இருக்கும். அத கொண்டா கெடைக்கிற சாமானுக்கும் ஏஜிஸ் எண்டுதான் பேர், அத வெச்சிருக்கிறவன் ஒருதரம் செத்தாலும் அந்த இடத்திலயே எழும்புவான். அஞ்சு பேரும் அந்தக் குகைப் பக்கம் போறாங்க எண்டு கண்டா போன கீழ வெச்சிட்டு ஸ்கிரீனப் பாருங்க, சண்டை வரப்போகுது.

கடைசியா, அஞ்சு பேர்ல ரெண்டு பேர் சப்போர்ட். இவங்களுக்கு கோல்ட் குறைவு, பேர் குறைவு, ஆனா வார்ட் வெச்சு இருட்டுக்குள்ள எதிரி எங்க வாறான் எண்டு காட்டுறது இவங்க, கேரி, அதாவது கோல்ட் சேத்து கடைசியில டீமத் தூக்கிற இடம், அத வெளாடுறவன் சாகாம இருக்க முதல்ல சாகிறதும் இவங்க. கொஞ்சக் காலம் பாத்தா உங்களுக்கு அவங்களத்தான் பிடிக்கும் எண்டு நினைக்கிறன், எனக்கு அப்பிடித்தான்.

சம்மாந்துறை வாசகர்: காக்கா, டோட்டாவ ஃபோன்ல வெளாட ஏலுமா?

ஏலாது தம்பி. டோட்டா 2 கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், ஸ்டீம் எண்ட வால்வ் கம்பனிட ஒன்லைன் கேம் கடையில ஃப்ரீயா இறக்கலாம், எல்லா ஹீரோவும் முதல் நாள்ல இருந்தே ஃப்ரீ. ஃபோன்ல இதே சாயல்ல வேணுமெண்டா மொபைல் லெஜன்ட்ஸ் இருக்கு, அதுக்கும் 2019ல இருந்து தனியா ஒரு உலகப் போட்டி நடக்குது.

காத்தான்குடியில இருந்து ஒரு தம்பி: காக்கா, நாங்க அஞ்சு பேர், ரெண்டு வருசமா ஒண்டா வெளாடுற. கொழும்பில ஒரு நல்ல டீம் கூப்பிட்டதும் எங்கட கெப்டன் போயிட்டான். அவனோட இன்னொருத்தனும் போயிட்டான். மிச்சம் மூணு பேரும் உடைஞ்சு போய் இரிக்கம். விட்டுர்றதா எண்டு யோசிக்கிறம்.

விட்டுராதீங்க தம்பி. இத எழுதும்போதே ஓஜி எண்ட ஐரோப்பிய டீம் ஞாபகம் வந்துட்டுது, தெரிஞ்ச கதையா இருந்தாலும் இன்னொருக்கா வாசிங்க.

2018 மே கடைசி. டி.ஐக்கு மூணு மாசம் இல்ல. ஓஜி டீமில இருந்து ஃப்ளை, எஸ்4 எண்ட ரெண்டு பேரும் ஈவில் ஜீனியஸஸ் எண்ட அமெரிக்க டீமுக்கு போயிட்டாங்க. ஃப்ளையும் ஓஜிட நோடெய்லும் டோட்டாவுக்கு முந்தி வேற ஒரு கேம் வெளாடின காலத்தில இருந்தே கூட்டாளிகள், டீமத் தொடங்கினதே அவங்க ரெண்டு பேரும் சேந்துதான். அப்பிடிப்பட்டவன் போறான். மிச்சம் நிண்டது நோடெய்லும் ஜெராக்ஸும், பக்கத்தில கோச்சா இருந்த செப். செப்ப வெளாட இறக்கினாங்க. வெளாட்ட விட்டு ஓய்வில இருந்த ஆனா எண்ட ஆஸ்திரேலியப் பொடியன திரும்பக் கூப்பிட்டாங்க. அஞ்சாவது ஆள் டொப்சன், பின்லாந்துக்காரன், வீட்டில இருந்து ஒன்லைன்ல வெளாடி பேர் எடுத்தவன், பெரிய மேடையில ஒருநாளும் வெளாடினதில்ல.

இவங்களுக்கு நேரடி அழைப்பு வரல்ல. ஆர் வேணுமெண்டாலும் பேர் குடுக்கிற ஓப்பன் குவாலிஃபையர் எண்ட தகுதிச் சுத்தில, ஆர் எவன் எண்டு தெரியாத டீமுகளோட முட்டி, பிறகு ஐரோப்பிய குவாலிஃபையர வெண்டு, அப்பிடித்தான் கனடாவில வன்கூவர் போய்ச் சேந்தாங்க. அங்கயும் ஆரும் கணக்கில எடுக்கல்ல. மேல் பிராக்கெட்டில, அதாவது இன்னும் தோக்காத டீமுகள் மோதுற பக்கத்தில, எதிர வந்தது ஆரு? அதே ஈவில் ஜீனியஸஸ், அதே ஃப்ளை, அதே எஸ்4. 2க்கு 1 எண்டு ஓஜி வெண்டது. பிறகு ஃபைனல்ல சீனாட பிஎஸ்ஜி எல்ஜிடி, அந்த நேரம் உலகத்திலயே பயங்கரமான டீம். மூணு மேட்ச் முடிய 2க்கு 1 எண்டு ஓஜி பின்னுக்கு, நாலாவதிலயும் முடிஞ்சுது எண்டுதான் பாத்தவன் எல்லாம் நினைச்சான். அந்த மேட்சில செப் ஏக்ஸ் எண்ட ஹீரோவ எடுத்து எதிரி அஞ்சு பேருக்கும் நடுவில பாஞ்ச பாய்ச்சல இண்டைக்குப் பாத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அத வெண்டு, அஞ்சாவதையும் வெண்டு, 3க்கு 2. அடுத்த வருசம் ஷாங்காய்ல அதே அஞ்சு பேரும் திரும்ப வந்து டீம் லிக்விட்ட 3க்கு 1 எண்டு தோக்கடிச்சு, டி.ஐய ரெண்டு தரம் வெண்ட முதல் டீம் ஆனாங்க.

தம்பி, அவங்க வெண்டதுக்குப் பிறகு குடுத்த பேட்டிகள தேடிப் பாருங்க, ஹீரோ, ஐட்டம் எண்டு பேசினத விட ஆளுக்காள் எப்பிடிக் கதைக்கிறது, ஒருத்தன் பிழை விட்டா என்ன செய்யிறது எண்டு பேசினதுதான் கூட. நோடெய்ல் ஒரு சப்போர்ட் பிளேயர், டோட்டாவுல கோடி கோடியா உழைச்சவனும் அவன்தான். போன கெப்டனுக்கும் கோபப்படாதீங்க, நல்ல இடம் கெடைச்சா போகத்தான் செய்வான், ஊர்ல மேட்ச் வெச்சா எதிர்ப்பக்கம் நிண்டு வெளாடட்டும். மூணு பேரும் இண்டைக்கே கூடி ஆர் எந்த இடம் வெளாடுறது எண்டு பேசுங்க, ஏனெண்டா கெப்டன் இல்லாட்டி எல்லாரும் மிட், அதாவது நடுப் பாதை, வெளாடத்தான் பாப்பாங்க, அதுல டீம் இன்னொருக்கா உடையும். பிறகு ரெண்டு பேரத் தேடுங்க. கெட்டிக்காரன விட, தோத்த அண்டைக்கு கூட நிண்டு ரீப்ளே பாக்கிறவன எடுங்க.

களுவாஞ்சிகுடியில இருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்: தம்பி, ஓடாம பாயாம கதிரையில இருந்து செய்யிறத விளையாட்டு எண்டு எப்பிடிச் சொல்றது? எல்லே, கபடி, உதைபந்து எண்டு வளந்த மண் இது.

ஐயா, இந்தக் கேள்வி உலக மட்டத்திலயே ஒரு போட்டிய இடம் மாத்தியிருக்கு. கொரோனாவால 2020 போட்டிய ஒத்தி வெச்சு 2021ல ஸ்வீடன்ல ஸ்டொக்ஹோம்ல நடத்த எல்லாம் ஆயத்தம். ஆனா அந்த நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் இ-ஸ்போர்ட்ஸ, அதாவது இப்பிடியான கேம் போட்டிகள, விளையாட்டா சேத்துக்க மாட்டம் எண்டு வாக்கு போட்டுட்டாங்க. விளையாட்டு இல்லயெண்டா வெளிநாட்டு வீரருக்கு குடுக்கிற பயணச் சலுகை இல்ல, விசா இல்ல. கடைசியா ருமேனியாவுக்கு, புக்கரெஸ்ட்டுக்கு போட்டிய கொண்டு போனாங்க. அங்கயும் கொரோனா கூடி, வித்த டிக்கட்டுக் காசெல்லாம் திருப்பிக் குடுத்து, பெரிய தேசிய மைதானத்தில ஒரு பார்வையாளரும் இல்லாமத்தான் அந்த 40 மில்லியன் ஃபைனல் நடந்தது. 2க்கு 0 எண்டு முன்னுக்கு நிண்ட டீம் ஸ்பிரிட்ட எல்ஜிடி 2க்கு 2 ஆக்கி, அஞ்சாவது மேட்சில ஸ்பிரிட் வெண்டுது. கத்துறதுக்கு ஒரு சனமும் இல்ல.

அதுக்கு மறுபக்கம், எங்கட விளையாட்டு அமைச்சு 2019லயே இ-ஸ்போர்ட்ஸ விளையாட்டா ஏத்துக்கிட்டது. 2023ல சீனாவில ஹாங்சோவில நடந்த ஆசிய விளையாட்டில இதுக்கு பதக்கமே குடுத்தாங்க, டோட்டா 2ல சீனா தங்கம், மொங்கோலியா வெள்ளி, மலேசியா வெண்கலம்.

உடம்பு வளையாது எண்டு நீங்க சொல்றது சரி ஐயா, அதுக்கு நான் எதிர் சொல்ல மாட்டன். டோட்டா வெளாடுற பொடியன் பின்னேரத்தில கிரவுண்டுக்கும் போகணும், பெரிய டீமுகளே இப்ப உடற்பயிற்சிக்கு ஆள் வெச்சிருக்காங்க. ஆனா வெபர் சுவாமி அமெரிக்காவில இருந்து வந்து மட்டக்களப்பு பொடியனுகளுக்கு கூடைப்பந்து பழக்கினவர், அப்ப அதுவும் இந்த மண்ணில பிறந்த விளையாட்டு இல்ல. இண்டைக்கு அவர்ட பேர்லதான் மைதானம் இருக்கு, கூடைப்பந்து எங்கட ஊர்ப் பெருமையா இருக்கு. ஒரு விளையாட்டு நமக்குச் சொந்தமாகிறது அத பழக்க ஒரு பெரியவர் முன்னுக்கு வந்தா. உங்களப்போல ஒரு வாத்தியார் வாரத்தில ஒருநாள் அந்தப் பொடியனுகளோட இருந்து, தோத்தா எப்பிடி நடக்கிறது, வெண்டா எப்பிடி நடக்கிறது எண்டு சொல்லிக் குடுத்தா, அவங்களுக்கு இப்ப கெடைக்காத ஒண்டு கெடைக்கும்.

அக்கரைப்பற்றில இருந்து ஒரு தங்கச்சி: நான் சப்போர்ட் வெளாடுவன். மைக்ல பேசினா பொம்புளப் புள்ள எண்டு தெரிஞ்சதும் கண்டபடி பேசுறாங்க. இப்ப மைக்கையே மூடிட்டு வெளாடுறன். டி.ஐ போற அளவுக்கு பொம்புளைகளுக்கு இடம் இருக்கா?

தங்கச்சி, டி.ஐயில ஆம்புள மட்டும் எண்டு ஒரு சட்டம் இல்ல. சட்டத்தில இல்லாத தடை, நீங்க சொன்ன அந்த மைக்லதான் இருக்கு. குரல் கேட்டதும் கேவலமா பேசுறவன், நாளைக்கு ஒரு திறமையான பிளேயர இந்த கேமுக்கு வராம செய்யிறான், இத வாசிக்கிற பொடியனுகள் அவங்கட டீமில ஒருத்தன் அப்பிடி பேசினா சும்மா இருக்காம அந்த இடத்திலயே நிப்பாட்டணும். நீங்க அவன மியூட் பண்ணுங்க, மேட்ச் முடிஞ்சதும் மறக்காம ரிப்போர்ட் பண்ணுங்க, அதால தண்டனை கெடைக்கிறது உண்மை. தெரிஞ்ச ஆக்களோட அஞ்சு பேரா சேந்து வெளாடினா மைக்க மூடத் தேவையில்ல, மூடிட்டு சப்போர்ட் வெளாடுறது கண்ணக் கட்டிட்டு வெளாடுற மாதிரித்தான்.

ஷீவர் எண்டு ஒரு நெதர்லாந்து பொம்புள இருக்கா, டோட்டா வர்ணனையில ஆரம்ப காலத்தில இருந்தே இருந்தவ. 2017ல அவவுக்கு மார்பகப் புற்றுநோய் எண்டு தெரிஞ்சது. சிகிச்சை நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஆகஸ்ட்ல சியாட்டில்ல நடந்த டி.ஐக்கு வந்து வேலை செய்தா. உலகம் முழுக்க இருந்த டோட்டா ரசிகர்கள் அவவுக்காக நிண்டாங்க, அவட பேரச் சொல்லித்தான் அந்த வருசம் முழுக்க மெசேஜ். பிறகு சுகமாகி திரும்ப மேடைக்கு வந்தா. உங்களுக்கு வெளாட்டோட பேசுற ஆசையும் இருந்தா, தமிழ்ல டோட்டா வர்ணனை செய்ய ஆள் மிகக் குறைவு, அந்த இடம் காலியா கெடக்கு, யோசிங்க.

ஆரையம்பதி வாசகர்: எல்லா ஃபைனல்லயும் ஒரே ஒரு மேட்ச் பாக்கச் சொன்னா எது?

2013, அலயன்ஸும் நேவியும், அஞ்சாவது மேட்ச். ஸ்வீடன் டீம் அலயன்ஸ் சண்டைய தவிர்த்து நேவிட பேஸ உடைக்க ஓடுறாங்க, நேவி காப்பாத்த டெலிபோர்ட் அடிக்கிறாங்க, அதெண்டா தூரத்தில இருந்து மாயமா பேஸுக்குத் திரும்புறது, எஸ்4 பக் எண்ட ஹீரோவால ஒரு வலைய போட்டு அத தடுத்துட்டான். அந்த ரெண்டு செக்கன்ல கோப்பை போச்சு. மேல சொன்ன அதே எஸ்4தான்.

வாழைச்சேனையில இருந்து ஒரு அணி: இலங்கையில இருந்து ஒரு டீம் டி.ஐ போகுமா அண்ணே? நேரா சொல்லுங்க.

நேரா சொல்றதெண்டா இப்ப இருக்கிற நிலமையில கஷ்டம், நடக்காது எண்டு சொல்ல மாட்டன். கொஞ்ச டீமுக்கு நேரடி அழைப்பு, மிச்ச இடத்துக்கு பிராந்திய குவாலிஃபையர். நாங்க தென்கிழக்கு ஆசியாவோட சேருறம், அதெண்டா பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா, அங்க சின்னப் பொடியன் கூட நெட் கபேயில டோட்டாவோட வளருறான். சேர்வர் சிங்கப்பூர்ல. எங்கட லைன்ல இருந்து அங்க போய் வாற நேரம், பிங் எண்டுவாங்க, அது கூடும், அவன் கிளிக் பண்ணின உடன அடி விழும், எங்கட அடி கொஞ்சம் பிந்தி விழும், லாஸ்ட் ஹிட் எடுக்கிற நேரம் அது பெரிய விசயம். வைஃபைய விட்டு கேபிள் போடுங்க, ஒரே வீட்டில மத்தவங்க படம் பாக்கிற நேரத்தில மேட்ச் வைக்காதீங்க, சின்ன விசயம்தான் ஆனா வித்தியாசம் தெரியும்.

ஆனா மொங்கோலியாவப் பாருங்க. மொத்த சனத்தொகை 35 லட்சம் அளவில, எங்கட நாட்டில ஆறில ஒண்டு. ஆசியப் பதக்கம் எடுத்தாங்க. சுமெயில் கராச்சியில பிறந்து வளந்த பொடியன், குடும்பத்தோட அமெரிக்கா போய், 2015ல 16 வயசில ஈவில் ஜீனியஸஸோட டி.ஐய வெண்டான், அடுத்த வருசம் டைம் பத்திரிகை உலகத்தில செல்வாக்கான 30 இளம் ஆக்கள்ல ஒருத்தன் எண்டு அவன்ட பேரப் போட்டது. அவன் அமெரிக்கா போனதாலதான் கதவு திறந்தது எண்டு நீங்க சொல்லுவீங்க, அது உண்மை. அதத்தான் நானும் சொல்றன், திறமை தெற்காசியாவில இல்லாம இல்ல, கூட வெளாட அஞ்சு பேரும் நல்ல லைனும் மோதிப் பாக்க போட்டியும் வேணும். கொழும்பில நடக்கிற போட்டிகளுக்கு மட்டக்களப்பு அம்பாறை டீமுகள் ஒன்லைன்லயாவது பேர் குடுங்க. முதல் சுத்தில தோத்தாலும் பரவாயில்ல, ஊருக்குள்ளயே வெண்டுக்கிட்டு இருந்தா எவ்வளவு பின்னுக்கு நிக்கிறம் எண்டே தெரியாது.

பாண்டிருப்பு விளையாட்டுக் கழகம்: அடுத்த டி.ஐ ஃபைனல எங்கட கழகக் கட்டடத்தில பெரிய ஸ்கிரீன்ல போடலாமா? அனுமதி வேணுமா? எப்ப?

நல்ல யோசனை, கட்டாயம் செய்யுங்க. 2026க்கு ஷாங்காய் எண்டு அறிவிச்சிருக்காங்க, அதுவும் எங்களுக்கு வசதி, ஷாங்காய் நேரம் எங்கட நேரத்துக்கு ரெண்டரை மணித்தியாலம் முந்தி, அங்க ராவில முடியிறது இங்க இருட்டுப்பட முந்தியே முடியலாம், வீட்டில ஆரும் தேட மாட்டாங்க. சியாட்டில்ல நடந்தா பன்னிரண்டரை மணித்தியால வித்தியாசம், விடியச் சாமத்தில எழும்பணும்.

யூடியூப்லயும் ட்விச்லயும் ஃப்ரீயா போகும். டிக்கட் விக்கிறது, ஸ்பொன்சர் போடுறது எண்டு போகாம சும்மா கூடிப் பாருங்க, காசு சேக்கிற நிகழ்ச்சியா செய்யிற நோக்கம் இருந்தா முதல்ல நடத்துறவங்கட விதிய வாசிங்க. அஞ்சு மேட்ச் ஃபைனல் போனா அஞ்சாறு மணித்தியாலம் எடுக்கும், மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல டேட்டா போகும், ஃபோன் ஹொட்ஸ்பொட்ட நம்பாதீங்க. புரொஜெக்டர முதல் நாளே பகல் வெளிச்சத்தில ஓட்டிப் பாருங்க, ஜன்னலுக்கு கறுப்புத் துணி தேவைப்படும். வர்ணனை இங்கிலீஷ்லதான் வரும், அதால கேம் தெரிஞ்ச ஒரு பொடியன் இல்லாட்டி புள்ளைட கையில மைக்கக் குடுத்து, பக்கத்தில இருந்து தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. கதிரை போடும்போது முன் வரிசைய அம்மா அப்பாமாருக்கு விடுங்க. நாளும் நேரமும் முடிவானதும் எங்களுக்கு எழுதுங்க, இந்தப் பக்கத்திலயே போடுறம்.